ஐஸ் ரூமில் சூட்டு வைத்தியம்

கனமான கதவை உள்பக்கம் சாத்திக்கொண்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு ஐஸ் பார்கள். வாயைத் திறந்தால் மூச்சு வெள்ளையாக வருகிறது. இடது கையில் சுருட்டு மாதிரி ஒரு குச்சி. அதன் நுனி கனன்றுகொண்டிருக்கிறது. அதை வலது தோளுக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடித்திருக்கிறேன். தோளில் சூடு, முதுகில் குளிர். பல் தந்தியடிக்கிறது.

எழுபதை நெருங்கிய ஓர் ஆள், அதுவும் புதுச்சேரிக் கரையில் குருசுக்குப்பத்திலிருந்து பிள்ளைச்சாவடி வரைக்கும் பெயரைச் சொன்னால் படகை நிறுத்தி வணக்கம் சொல்லும் அளவுக்கு வாழ்ந்த ஓர் ஆள், எதற்காக இப்படி உட்கார்ந்திருந்தான்?

போன வாரம், ஐஸ் ஃபாக்டரியை நான் வாங்கிய கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர் போன் போட்டார். "பெரியவரே, வாராவாரம் ஜெயிச்ச கதையாவே எழுதறீங்க. ஒரு வாரமாச்சும் தோத்த கதை எழுதக் கூடாதா" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அப்படிப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. இது ஒன்றுதான் சந்தேகமாக இருக்கிறது. தோற்றேனா ஜெயித்தேனா என்று அவரே தீர்ப்புச் சொல்லட்டும்.

முதல் தோள்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. பதினாலு வயதில் கோணியை நாலாக மடித்து வலது தோளில் போட்டு, அதன் மேல் அரை பார் ஐஸைத் தூக்கி வைத்துக்கொண்டு கரைக்கு நடந்தவன். தோளில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடுவேன். மெதுவாகப் போனால் படகுக்குப் போய்ச் சேர்வது கோணி மட்டும்தான். அந்தத் தோளால்தான் எல்லாம் வந்தது. வண்டி வந்தது, வீடு வந்தது, ஃபாக்டரி வந்தது. பூரணியைப் பெண் கேட்டுப் போனபோதுகூட, மாமனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்துத்தான் சரி என்றார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாசி மகத்தன்று அம்மன் கடலாடப் போவாள். அம்மனைச் சுமக்கிற தண்டில், முன்பக்கம் வலது ஓரத்துக்கு முதல் தோள் என்று பெயர். அங்கே நிற்பவன் தோள் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் தோள் கொடுக்கலாம். அவன் அடி வைத்த பிறகுதான் மற்றவர்கள் அடி வைக்கலாம். ஒருத்தனுக்கு முதல் தோள் கிடைத்துவிட்டால், அவனாக இறக்கிவைக்கிற வரை அது அவனுடையது. பணத்தால் வாங்க முடியாது. எனக்குத் தெரியும், ஒருத்தர் முயற்சி பண்ணிப் பார்த்தார்.

முப்பத்தோரு வருஷம் அது என் தோள்.

எனக்கு அடுத்து நின்றவன் தனபால். பூரணியின் தம்பி, என் மச்சான். நல்லவன். இரண்டு விசைப்படகு வைத்திருக்கிறான், குடி கிடையாது, பெரியவர்களை மதிப்பான். ஒரே ஒரு குறை. முப்பத்தோரு வருஷமாக என் பின்னால் நின்று என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தவன். பொங்கல் முடிந்த மறுநாளே ஆரம்பித்துவிடுவான்.

"மாமா, உடம்பு எப்படி இருக்குது?"

வீடு எப்போது காலியாகும் என்று கேட்கிறவன் குரல் அது.

பல்லி

கொரோனா வந்து போன பிறகு ஒரு ஐப்பசி மாதம். காலையில் சட்டையை எடுக்க ஆணிக்குக் கையைத் தூக்கினேன். கை காது வரைக்கும்கூடப் போகவில்லை. பாதி வழியில் நின்று, எலும்புக்குள் யாரோ மீன் முள்ளைச் செருகின மாதிரி வலித்தது. சட்டை ஆணியிலேயே தொங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. இடது கையால் தலை வாரப் பழகினேன். யாராவது வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டினேன். பெரிய மனுஷனுக்குக் கர்வம் வந்துவிட்டது என்று ஊர் நினைத்தது. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற இடம், நம்மை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள். டாக்டரம்மா சின்னப் பெண், பொறுமைசாலி. கையைப் பிடித்து முன்னே பின்னே திருப்பிப் பார்த்தார்.

"ஃப்ரோசன் ஷோல்டர் ஐயா. தோள் மூட்டு உறைஞ்சு போன மாதிரி இறுகிடுச்சு."

ஐம்பது வருஷம் ஊருக்கெல்லாம் ஐஸ் கொடுத்தவனிடம் இதைச் சொன்னார். சிரிக்கவும் முடியவில்லை.

சுவரைப் பார்த்து நின்று, விரல்களை ஒவ்வொன்றாக மேலே நடத்திக்கொண்டு போக வேண்டும். தினம் மூன்று வேளை. "மெதுவாத்தான் சரியாகும் ஐயா. சிலருக்கு வருஷம்கூட ஆகும்" என்றார். மாசி மகத்துக்கு மிச்சம் இருந்தது நாலு மாதம். இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள் பூரணி பின்னால் வந்து நின்றாள்.

"என்னாங்க, செவுத்துல பல்லியா?"

"ஆமா. போயிடுச்சு" என்றேன். அதோடு அந்தப் பயிற்சியும் போயிற்று.

நாக்கு

ரெயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் சைகோன் மதாம் இருந்தார். பெயர் தெரேஸ். அப்பா நம்ம ஊர்க்காரர், சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக, சைகோன் போய், அங்கேயே பெண் கட்டி, குடும்பத்தோடு திரும்பியவர். அம்மாவின் அண்ணன் அங்கே சீனர்கள் குடியிருக்கும் பகுதியில் மூலிகைக் கடை வைத்திருந்தாராம். மதாம் வளர்ந்த பிறகு திரும்பப் போய், அந்த மாமாவிடமே சீன வைத்தியம் படித்துக்கொண்டு வந்தார். வாசலில் போர்டு கிடையாது. தெரிந்தவர்கள் வருவார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஐஸ் போட்டவன் என்ற முறையில் எனக்கும் தெரியும்.

"நாக்கை நீட்டுங்க முசியே" என்றார், ஐயா என்பதைப் பிரெஞ்சில்.

"வலி தோளுலம்மா."

"தெரியும். நீட்டுங்க."

நாக்கை உள்ளே வையுங்கள் என்று ஐம்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய மனுஷன் நான். நீட்டு என்று ஒருத்தர் சொன்னதே அன்றுதான் முதல் தடவை. நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கருவாட்டைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நாடி பார்த்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"ரொம்ப நாள் குளிர்ல வேலை பார்த்தீங்களா?"

"ஐஸ் ஃபாக்டரியே என்னுதுதாம்மா."

"வொலா, அதானே பார்த்தேன்" என்று மேசையைத் தட்டினார். "குளிர் தோளுக்குள்ள பூந்து உக்காந்துடுச்சு. ரத்தம் போற வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது. சூடு காட்டித்தான் அதை வெளியே அனுப்பணும்."

இது எனக்கு உடனே புரிந்தது. ஃபாக்டரி பைப்பில் ஐஸ் அடைத்துக்கொண்டால் நாங்கள் என்ன செய்வோம்? வெந்நீர் ஊற்றுவோம். சீனாக்காரனும் அதைத்தான் செய்கிறான். நான் அந்த ஊரில் பிறந்திருந்தால் இந்நேரம் பெரிய வைத்தியன்.

பழுத்த இலை

ஒரு பிஸ்கெட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே காய்ந்த இலை. மேல்பக்கம் பச்சை மங்கி, அடிப்பக்கம் சாம்பல் பூசின மாதிரி வெள்ளை. கசப்பும் காரமுமாக ஒரு வாசனை. பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை.

"இது எங்கேயோ மோந்த வாசனையா இருக்குதேம்மா" என்றேன்.

"மாலையில வெச்சுக் கட்டுவாங்களே மாசிப்பத்திரி, அதோட சொந்தம். ஒரே குடும்பம், வேற பிள்ளை."

அந்த இலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மதாம் நிறுத்த மாட்டார். சீன வைத்தியத்தில் இது சூட்டு இலையாம். குளிரையும் ஈரத்தையும் விரட்டுகிற வேலை இதனுடையது. பெண்களுக்கு மாதாமாதம் வருகிற வயிற்று வலிக்குக் கஷாயம் வைப்பார்களாம். கருக வறுத்து ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுப்பார்களாம். அரிப்புக்கு இலையை வேகவைத்த தண்ணீரில் குளிக்கலாம். காலில் குளிர் ஏறினால் அதே தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்காரலாம். வயிற்றில் பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் இருந்தால் தாயின் சுண்டுவிரல் ஓரத்தில், அதுவும் கால் சுண்டுவிரல், இதைக் கொளுத்திச் சூடு காட்டுவார்களாம்.

"கால்ல சூடு வெச்சா வயித்துல பிள்ளை திரும்புமா?" என்றேன்.

"சில சமயம் திரும்பும். திரும்பலன்னா ஆஸ்பத்திரி இருக்கு" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அவர் அம்மா இந்த இலையைக் கொத்தி முட்டையில் அடித்து ஊற்றித் தலைவலிக்குக் கொடுப்பாராம். மாடித் தொட்டியில் வளர்த்த பச்சை இலையைப் பறித்துவந்து எனக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தார். வேப்பம்பூவை ஆம்லெட் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. முழுசாகத் தின்றேன். மருந்து என்று கொடுத்ததை மிச்சம் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கொளுத்துவதற்கு மட்டும் புது இலை ஆகாதாம். இரண்டு மூன்று வருஷம் காயப்போட்டு வைக்க வேண்டும். பிறகு இடித்துச் சலித்து, இடித்துச் சலித்து, கடைசியில் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதைக் காகிதத்தில் இறுக்கிச் சுருட்டினால் குச்சி. "புது இலை கோபமா எரியும். பழசு சாந்தமா எரியும், சூடு ஆழத்துல இறங்கும்" என்றார். எனக்குத் தெரியாதா. நேற்றுப் போட்ட கருவாடும் போன வருஷக் கருவாடும் ஒன்றா?

குச்சியைப் பற்றவைத்துத் தோள் பக்கத்தில் பிடித்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தோலுக்கு அடியில், சதைக்கு அடியில், எங்கேயோ இருட்டில் யாரோ மெல்ல வெந்நீர் ஊற்றுகிற மாதிரி ஒரு சுகம். எழுந்து கையைத் தூக்கினேன். வந்ததைவிட இரண்டு விரல் மேலே போயிற்று.

ஐந்து குச்சி கொடுத்து அனுப்பினார். "தினம் பத்து நிமிஷம். ரெண்டு விரல் தள்ளிப் பிடிங்க, தோல் சிவந்தா போதும், வேகக் கூடாது. காத்தடிக்காத, கதகதப்பான இடத்துல உக்காருங்க. டாக்டரம்மா சொன்ன செவுத்துப் பயிற்சியை விடாதீங்க. சூடு கதவைத் தொறக்கும். உள்ளே நடக்க வேண்டியது நீங்கதான்."

நான் கேட்டுக்கொண்டது பத்து நிமிஷம், இரண்டு விரல், காற்றடிக்காத இடம். இந்த மூன்றுதான். மற்றதெல்லாம் வீட்டு வாசப்படிக்கு வருவதற்குள் கொட்டிப்போயிற்று.

இடம் தேடியது

எங்கே கொளுத்துவது? வீட்டில் முடியாது. பூரணி இருபது வருஷம் கூடை தூக்கி மீன் விற்றவள். மூடியிருக்கிற பெட்டியை மோந்து, உள்ளே இருப்பது எத்தனை நாள் மீன் என்று சொல்வாள். மொட்டை மாடிக்குப் போனால் பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர்கள். கரைக்குப் போனால் குப்பமே உட்கார்ந்திருக்கும்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஐஸ் ரூம். காலை லோடு போன பிறகு அங்கே ஆள் வராது. கதவு நாலு அங்குல கனம். காற்று ஒரு பொட்டு உள்ளே வராது, புகை ஒரு பொட்டு வெளியே போகாது. இதைவிடக் காற்றடிக்காத இடம் புதுச்சேரியிலேயே கிடையாது. படித்தவனுக்கு இந்த யோசனை வந்திருக்குமா?

மூன்று வாரம் தினமும் உட்கார்ந்தேன். தோளில் பத்து நிமிஷம் சூடு போகும், உடம்பு முழுக்கப் பத்து நிமிஷம் குளிர் ஏறும். இரண்டு விரல் ஏறின கை இரண்டு விரல் இறங்கியது. இலை பழசு போதாதோ என்று சந்தேகப்பட்டேன்.

புகை வெளியே போகவில்லை, அது உண்மை. எங்கே போயிற்று என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

சிரித்த சங்கரா மீன்

அது ஐஸுக்குள் போயிற்று.

முதலில் வந்தவள் கன்னியம்மா. மார்க்கெட்டில் எங்கள் ஐஸில்தான் மீன் வைப்பாள். ஃபாக்டரி வாசலில் கூடையை இறக்கி வைத்தாள்.

"அண்ணே, என்னா ஐஸு குடுக்கற?"

"ஏன், கரையுதா?"

"கரைஞ்சா பரவால்ல. மோந்து பாரு. கஞ்சா வாசன அடிக்குது. என் சங்கரா மீனு வாயத் தொறந்துக்கிட்டு சிரிக்குது."

"மீன் எப்பவும் வாயத் தொறந்துக்கிட்டுத்தாண்டி இருக்கும்."

"இது வேற சிரிப்பு அண்ணே. ரெண்டு காலேஜு பசங்க வந்து மோந்து மோந்து வாங்கிட்டுப் போறானுங்க. நேத்து வாங்குன அதே பசங்க."

அந்த இலை எரிகிற வாசனை கஞ்சா மாதிரியே இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் வாழ்நாளில் பீடியைக்கூடத் தொட்டதில்லையே.

இரண்டு நாளில் மார்க்கெட் முழுக்கப் பேச்சாகிவிட்டது. மூன்றாம் நாள் எங்கள் ஊர்த் தலைவர், நாட்டார் என்போம், ஆள் அனுப்பினார். சாமி தூக்குகிறவர்கள் விரதம் இருக்கிற மாதம். அந்த மாதத்தில், அதுவும் முதல் தோள்காரன் ஃபாக்டரியில், கஞ்சா வாசனை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் முன்னால் பஞ்சாயத்து என்றார்கள்.

ஏழுமலை குனிந்த தலை

பஞ்சாயத்தார் முதலில் ஐஸ் ரூமுக்குள் போய்ப் பார்த்தார்கள். கவிழ்த்த பெட்டியும், பக்கத்தில் கொஞ்சம் சாம்பலும் இருந்தன. ரூம் சாவி இரண்டு பேரிடம் உண்டு. ஒன்று என்னிடம். இன்னொன்று, இருபது வருஷமாக எனக்கு ஐஸ் உடைக்கிற ஏழுமலையிடம். முதலாளியை யார் சந்தேகப்படுவார்கள்?

கோயில் முன்னால் ஏழுமலையை நிறுத்தினார்கள்.

"சாவி உங்கிட்டதான இருக்குது? நீ கஞ்சா புடிச்சியா?" என்றார் நாட்டார்.

"இல்லீங்க."

"அப்ப வேற யாரு புடிச்சா?"

ஏழுமலை தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"சொல்லலன்னா நீதான்னு ஆவும். வேலைய விட்டு நிக்க வேண்டியதுதான். இந்தக் குப்பத்துல வேற எவனும் உன்ன வேலைக்கு வெக்க மாட்டான்."

அவனுக்குத் தெரியும். தினமும் நான் உள்ளே போவதையும், கதவைச் சாத்துவதையும், தோளைத் தேய்த்துக்கொண்டே வெளியே வருவதையும் பார்த்தவன் அவன். தலையைக் குனிந்துகொண்டு மண்ணைப் பார்த்தபடி நின்றான்.

நான் சும்மா இருந்தால் போதும். முதல் தோள் என்னுடையது. பிறகு ஏழுமலைக்கு வேறு ஊரில் வேலை பார்த்துக் கொடுத்துவிடலாம் என்றுகூட மனசுக்குள் கணக்குப் போட்டேன். இதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை, போட்டேன்.

ஏழுமலை என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், ஒருவேளை எனக்குக் கோபம் வந்து நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன். அவன் பார்க்காததுதான் என்னை எழுப்பிவிட்டது.

"நாட்டாரே, அது நான்" என்றேன்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அது நான் எதிர்பார்த்த முணுமுணுப்பு இல்லை.

"பாத்தியா, வேலைக்காரனுக்காகப் பழிய ஏத்துக்கறாரு."

"முதலாளின்னா இப்படி இருக்கணும்."

நாட்டார் கையை உயர்த்தினார். "பெரியவரே, உங்க மனசு புரியுது. ஆனா பொய் சொல்லி அவனக் காப்பாத்தாதீங்க. உக்காருங்க."

வாழ்நாளில் முதல் தடவையாக என்னைப் பற்றித் தாழ்வாக ஓர் உண்மையைச் சொல்கிறேன், ஒருத்தன் நம்பவில்லை. இத்தனை வருஷம் பேசின பேச்சுக்குப் பலன்.

"யோவ், அது கஞ்சாவே இல்லய்யா. மருந்து. எனக்குத் தோள் தூக்க முடியல" என்றேன்.

தனபால் எழுந்துவிட்டான். இந்த ஒரு வாக்கியத்துக்காக முப்பத்தோரு வருஷம் காத்திருந்தவன். ஆனால் அவனும் நம்பவில்லை. "மாமா நடிக்கறாரு. போன வருஷம்கூட எப்படித் தூக்குனாரு. அக்கா, நீயாச்சும் சொல்லு."

பெண்கள் பக்கத்திலிருந்து பூரணி எழுந்தாள். தம்பியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நாட்டாரைப் பார்த்துச் சொன்னாள்.

"மூணு மாசமா முதுகு தேச்சு விடறது நான். பனியன் மாட்டி விடறது நான். கேட்டா, மாப்பிள்ள மாதிரி இருக்கணும்னு ஆசையா இருக்குதுன்றாரு. செவுத்துல பல்லி பாக்கறேன்னாரு. நானும் பல்லின்னே வெச்சுக்கிட்டேன்."

கூட்டம் சிரித்தது. நான் வேட்டி மடிப்பில் இருந்த குச்சியை எடுத்துப் பற்றவைத்தேன். புகை எழுந்தது. கன்னியம்மா முன்னால் வந்து மோந்தாள்.

"இதேதான். என் சங்கரா மீனு வாசன."

வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அது காதுக்குக் கீழேயே நின்றது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. நாட்டார் எழுந்துவந்து, ஏழுமலையின் முதுகில் தட்டி அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"அப்ப முதல் தோளு?"

"தனபாலுக்குக் குடுங்க. அவன் நல்லா தூக்குவான்" என்றேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் குரல் நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு நாட்டார் மட்டும் போகவில்லை. "அந்தக் குச்சி முட்டிக்கு ஆவுமா?" என்றார்.

மூன்று பாஷையில் சிரிப்பு

அன்று சாயங்காலமே மதாமிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எங்கே உட்கார்ந்து கொளுத்தினீர்கள் என்று கேட்டார். ஐஸ் ரூம் என்றேன். நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தமிழில் கொஞ்சம், பிரெஞ்சில் கொஞ்சம், அம்மா பாஷையில் கொஞ்சம் என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அடுப்பைத் தூக்கிட்டுப் போய்க் கடலுக்குள்ள வெச்சிருக்கீங்க முசியே."

அதற்கப்புறம் ஃபாக்டரி முற்றத்தில், காலை வெயிலில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். குச்சி முடிந்ததும் சுவரில் விரலை நடத்தினேன். ஏழுமலை ஒரு கரித்துண்டால், அன்றன்றைக்குக் கை ஏறின இடத்தில் கோடு போடுவான். கோடு மெல்ல மெல்ல ஏறியது. இலையாலா, டாக்டரம்மா சொன்ன பயிற்சியாலா என்று மதாமையே கேட்டேன். "ரெண்டும் உங்களுக்காகத்தான் வேலை பார்க்குது, சண்டை மூட்டி விடாதீங்க" என்றார்.

மகத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தனபால் வந்தான். சுவரில் இருந்த கரிக்கோடுகளை எண்ணிப் பார்த்தான்.

"மாமா, அந்தக் குச்சி ஒண்ணு குடுங்க."

"உனக்கு எதுக்குடா?"

"இப்பவே தோளு வலிக்கற மாதிரி இருக்குது மாமா. நெனச்சாலே வலிக்குது."

இரண்டு கொடுத்தேன்.

வைத்திக்குப்பம் மணல்

மகத்தன்று அம்மன் புறப்பட்டாள். தனபால் முதல் தோள் கொடுத்தான். என் கால் தானாக முன்னால் போய்விட்டது, தண்டுப் பக்கம். பிறகு நினைவு வந்து விலகி நின்றேன். வெறும் தோளோடு நடப்பது சட்டை போடாமல் கல்யாணத்துக்குப் போவது மாதிரி இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஊர் என்னைத்தான் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

வைத்திக்குப்பம் மணலில் இறங்கினோம். சுற்று ஊர்ச் சாமிகள் எல்லாம் வந்து வரிசையாக நின்றிருந்தன. மேளச் சத்தம், வாணச் சத்தம், அலைச் சத்தம். நான் முன்னால் போய்த் தண்ணீர் ஓரத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன்.

அம்மன் வந்துகொண்டிருந்தாள்.

கடல் காற்றில் குடை ஆட, மாலை ஆட, மூக்குத்தி வெயிலில் பளிச்சென்று அடிக்க, மணலில் தாழ்ந்து எழுந்து தாழ்ந்து எழுந்து, தண்ணீரைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தோடு நேரே என்னைப் பார்த்து வந்தாள். அடியில் தனபால் முகம் சிவந்து, வியர்வை ஊற்ற, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். அவன் பார்த்தது எதிரே இருந்த மணலைத்தான். தண்டைச் சுமக்கிறவன் வேறு எதைப் பார்க்க முடியும். எனக்குத் தெரியாதா.

கையெடுத்துக் கும்பிட்டேன். வலது கை நெற்றி வரைக்கும் வந்தது.

பக்கத்தில் பூரணி வந்து நின்றாள்.

"முப்பத்தோரு வருஷமா சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டே நடந்திருக்கேன் பூரணி. கடலுக்கு வர்றப்ப அம்மன் மொகம் எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றேன்.

"நானும் இன்னைக்குத்தாங்க பாக்கறேன்" என்றாள்.

"நீ வருஷா வருஷம் இதே எடத்துலதான நிப்ப?"

"நின்னேன். மணல்ல உங்க காலு எங்க சறுக்கிடுமோன்னு அதயேதான் பாத்துக்கிட்டு நிப்பேன். மேல எங்க பாத்தேன்."

சொல்லிவிட்டு, கண்ணை மூடாமல் கும்பிட்டாள்.